மேற்கோள் இல்லாத அத்தை

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் நிரலாக்கம் கற்பிக்கிறேன். அதே கல்லூரியின் தமிழ்க் கழகத்துக்கு ஆலோசகராகவும் இருக்கிறேன். வேறு யாரும் முன்வராததால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டு வேலையையும் ஒரே முடிச்சில் கட்டிவிடலாம் என்ற சற்றுச் சோம்பலான கணக்கில்தான், தொழில்நுட்பத் துறையில் பங்காற்றிய பெண்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் பணியைச் சென்ற ஆண்டு 22 மாணவர்களிடம் ஒப்படைத்தேன். பணி 14 வாரம் நீடித்தது. அதில் நாங்கள் இடறிய இடங்களை, இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் மாணவர் கழகங்களுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

பணியை அறிவித்த அன்றே ஒரு மாணவி கேட்டார்: "மிஸ், நம்ம வகுப்புலயே பாதிக்கு மேல பொண்ணுங்கதானே? இதுல தனியா எழுத என்ன இருக்கு?" கேள்வி நியாயமானது. அந்த 22 பேரில் 14 பேர் பெண்கள். மேலை நாடுகளில் கணினி வகுப்புகளில் பெண்கள் குறைவாக இருப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மலேசியப் பல்கலைக்கழகங்களிலோ கணினி அறிவியல் படிக்கும் பெண்கள் பல ஆண்டுகளாகவே ஆண்களுக்கு ஈடாகவும், சில இடங்களில் மிகுதியாகவும் இருந்துவருகிறார்கள். வெயிலில் நிற்க வேண்டிய கட்டட வேலையைப் போலன்றி, குளிர்சாதன அறைக்குள் அமர்ந்து செய்யும் வேலை என்பதால் அது மகளுக்கு ஏற்றது என்று இங்குள்ள பெற்றோர் கருதியதும் அதற்கு ஒரு காரணம்.

பதில் சொல்வதற்கு முன், பெயர் தெரிந்த தொழில்நுட்பத் துறையினர் பத்துப் பேரைத் தாளில் எழுதச் சொன்னேன். ஸ்டீவ் ஜாப்ஸ் எல்லாத் தாள்களிலும் இருந்தார். தமிழில் தட்டச்சு செய்து பழகியவர்கள், முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனை எழுதியிருந்தார்கள். பெண்கள் என்று பார்த்தால் அடா லவ்லேஸும், வாடகைக் கார் செயலியான கிராப் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய டான் ஹூய் லிங்கும் சில தாள்களில் இருந்தார்கள். வேறு எவரும் இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் 2014இல் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் பெண்களைப் பற்றியவை; கட்டுரை இல்லாத பெயர்கள் சிவப்பு இணைப்பாகத் தெரிவதை வைத்து 'விமன் இன் ரெட்' என்று பெயரிட்டு 2015இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சிக்குப் பிறகும் அது 20 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வகுப்பறையில் இடம் கிடைத்துவிட்டால் கலைக்களஞ்சியத்திலும் இடம் கிடைத்துவிடும் என்பதற்கில்லை.

முதல் நாளே வண்டி குடை சாய்ந்தது. ஆய்வுக்கூடத்தில் 22 பேரும் ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்க அமர்ந்தார்கள். ஆறு பேருக்குக் கணக்கு கிடைத்தது. ஏழாவது மாணவிக்கு மறுப்புச் செய்தி வந்தது. கல்லூரிக் கணினிகள் அனைத்தும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும்; ஒரு முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க இயலாது என்பது, விஷமிகளைத் தடுப்பதற்காக அங்கே வைத்திருக்கும் விதி. கணினி கற்பிக்கும் நான் இதை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். எஞ்சியவர்கள் கைப்பேசி இணையத்தின் வழியே ஒருவாறு கணக்குத் தொடங்கி முடிப்பதற்குள் இரண்டு மணி நேர வகுப்பு கரைந்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாகவே அவரவர் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கிவரச் சொல்லிவிடுங்கள். சொந்தப் பெயரில் தொடங்க வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. தொகுப்பு வரலாறு என்றென்றும் பொதுவில் இருக்கும்; பத்தொன்பது வயதில் எழுதிய அரைகுறை வாக்கியத்தை வேலைக்கு எடுப்பவர் பத்து ஆண்டுகள் கழித்துப் படிக்கவேண்டிய தேவையில்லை.

அதே முதல் வாரத்தில் செய்திருக்க வேண்டிய இன்னொன்றையும் தாமதமாகவே செய்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்றொரு பொது உரையாடல் பக்கம் உண்டு. ஒரு வகுப்பே எழுத வரப்போகிறது, பிழைகள் இருக்கும், பொறுத்துத் திருத்துங்கள் என்று அங்கே நாலு வரி எழுதிவைத்தால், 2003 முதல் ஊதியமின்றி அந்தக் களஞ்சியத்தை ஒன்றரை இலட்சம் கட்டுரைகளுக்கு மேல் வளர்த்தவர்கள் நம்மைப் படையெடுப்பாகப் பார்க்காமல் விருந்தினராகப் பார்ப்பார்கள். நான் அதை எழுதியது மூன்றாம் வாரத்தில், ஒரு கட்டுரை நீக்கப்பட்ட பிறகு.

அந்த நீக்கல்தான் எங்களுக்கு வாய்த்த முதல் பாடம். ஒரு மாணவி, கோலாலம்பூரில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஒருவரைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியிருந்தார். கட்டுரை ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு நிர்வாகி மரியாதையாக இரண்டே வரி எழுதியிருந்தார்: தற்சார்பற்ற மேற்கோள் இல்லை, விளம்பரத் தொனி இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. மறுப்பு எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக் கட்டுரையின் பிரதியை மறுபடி படித்துப் பார்த்தேன். 'தன்னிகரற்ற சாதனைப் பெண்மணி', 'தடைகளைத் தகர்த்தெறிந்த சிங்கப்பெண்', 'இளைய தலைமுறையின் கலங்கரை விளக்கம்' என்று முதல் பத்தியிலேயே மூன்று பொன்னாடைகள். சான்றாக அந்த நிறுவனத்தின் இணையதளம் மட்டும். நிர்வாகி சொன்னது சரி.

நம் காது பாராட்டு விழாவில் பழகிய காது. மேடையில் ஒருவரை அறிமுகப்படுத்தும் தமிழ் வேறு, கலைக்களஞ்சியத் தமிழ் வேறு என்பதை மாணவர்களுக்கு விதியாகச் சொல்லிப் புரியவைக்க இயலவில்லை. ஓர் ஆளைக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது. கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்ற அ. லலிதாவை எடுத்துக்கொண்டோம். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். 15 வயதில் திருமணம், 18 வயதில் கைக்குழந்தையோடு கைம்மை. தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல் முன்னரே அச்சிடப்பட்டிருந்ததால் அதை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் கலந்துகொண்டார். இந்தத் தகவல்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு, "இதில் 'சிங்கப்பெண்' என்பதை எங்கே சேர்ப்பீர்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் சேர்க்கவில்லை. அடித்து எழுதிய அந்தச் சான்றிதழே போதும் என்றார் ஒரு மாணவர்.

லலிதாவை வைத்தே இன்னொரு விவாதமும் நடந்தது. பெண்களைப் பற்றிய வரைவுகளில் கணவர் பெயரும் பிள்ளைகள் எண்ணிக்கையும் முதல் பத்தியிலேயே வந்து அமர்ந்துகொள்வதைக் கவனித்தோம். ஆணைப் பற்றிய கட்டுரையில் இது இந்த இடத்தில் வருமா என்று கேட்டுப் பார்த்து, வராது என்றால் கீழே இறக்குவது என்று முடிவு செய்தோம். ஆனால், லலிதா பொறியியல் படிக்கப் போனதற்கே அந்தக் கைம்மைதான் காரணம். அதைக் கீழே இறக்கினால் கட்டுரைக்கு முதுகெலும்பு போய்விடும். ஆகவே மேலேயே விட்டுவைத்தோம். இப்படிப்பட்ட முடிவுகளுக்குச் சூத்திரம் கிடையாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் மாற்றினோம். பிடித்த பெயரை எடுத்துக்கொண்டு சான்று தேடுவதுதான் மாணவர்களின் இயல்பு. நாங்கள் சான்றைத் தேடி எடுத்துவைத்த பிறகே பெயரைப் பதிவு செய்தோம். அவரே எழுதாத, அவர் நிறுவனம் எழுதாத, அவரைப் போகிறபோக்கில் குறிப்பிடாமல் விரிவாகப் பேசுகின்ற மூன்று எழுத்துகள் அரை மணி நேரத் தேடலில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு பெயர். 'குறிப்பிடத்தக்கமை' என்று விக்கிப்பீடியர்கள் சொல்வது ஒருவரின் தகுதியை அன்று, அவரைப் பற்றி வெளியே எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். இதற்கு டோனா ஸ்ட்ரிக்லாந்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. லேசர் துடிப்பை நீட்டிப் பெருக்கிச் சுருக்கும் முறையை 1985இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். அவரைப் பற்றிய ஆங்கில வரைவு, சான்று போதாது என்று 2018 மே மாதத்தில் திருப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வந்த அன்றுதான் அவருக்குக் கட்டுரையும் வந்தது.

சான்று நிறைய இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. நம் நாட்டு வானியற்பியலாளர் மஸ்லான் ஓத்மானுக்குச் சான்றுக்குக் குறைவே இல்லை: கோலாலம்பூர் தேசியக் கோளரங்கம், 2000ஆம் ஆண்டு ஏவப்பட்ட தியுங்சாட் துணைக்கோள், ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநர் பொறுப்பு. இவ்வளவையும் விட்டுவிட்டு, அவரை எடுத்துக்கொண்ட மாணவர் 'வேற்றுக்கிரகவாசிகளை வரவேற்க ஐ.நா. நியமித்த தூதர்' என்று தொடங்கியிருந்தார். 2010இல் பத்திரிகைகள் அப்படி எழுதியது உண்மை. அவரே அதை மறுத்ததும் உண்மை. மறுப்புச் செய்தி தேடலில் கீழே இருந்ததால் மாணவர் அதுவரை போகவில்லை.

சுவையான கதை எதுவாயினும் அதன் மூலம் வரை போய்ப் பார்ப்பது என்பது அதன் பிறகு வகுப்பின் வழக்கமாயிற்று. நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று மூன்று வரைவுகளில் இருந்தது. காப்புரிமை ஆவணத்தைத் திறந்து பார்த்தோம்: எண் 2,292,387, நாள் 1942 ஆகஸ்ட் 11, இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலோடு இணைந்து பெற்றது. நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானொலிச் சைகையை எதிரி குலைக்காதபடி அலைவரிசைகளுக்கிடையே தாவவிடும் முறை அது. தாவுவதற்கு 88 அலைவரிசைகள், பியானோவின் கட்டைகளைப் போல. புளூடூத் இன்றும் அலைவரிசைத் தாவலைப் பயன்படுத்துகிறது. இன்றைய வைஃபை வேறு முறைகளில் இயங்குகிறது. ஒரு நடிகை போர்க்காலத்தில் டார்பிடோவைப் பற்றி யோசித்துக் காப்புரிமை பெற்றார் என்பது உள்ளபடியே வியப்புக்குரியது. அதன்மேல் வைஃபையை ஏற்றிவைத்தால், அந்தப் பிழையைக் காட்டியே அவர் செய்ததையும் சேர்த்து மறுக்க ஒருவர் வருவார்.

அமெரிக்கக் கடற்படையில் இருந்த கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பர் பற்றிய கட்டுரையிலும் இதே கதைதான். அவரே கணினிக்குள் அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்து நிரல் பிழையைக் குறிக்கும் 'பக்' (பூச்சி) என்ற சொல்லை உருவாக்கினார் என்று எல்லோருக்கும் தெரியும், அது தவறு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியில் சிக்கிய பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டி, 'உண்மையாகவே பூச்சி அகப்பட்டது இதுதான் முதல்முறை' என்ற பொருள்பட எழுதிவைத்தார்கள். அந்தச் சொல் முன்பே புழங்கியிருந்தால்தான் இந்த வேடிக்கைக்குப் பொருள் இருக்கும். பூச்சியைக் கண்டவரும் ஹாப்பர் அல்லர். அவர் அந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னவர். அவருடைய உண்மையான பங்களிப்பு 1952இன் ஏ-0 நிரல்மாற்றி, ஆங்கிலத்தில் 'கம்பைலர்'.

அந்த நிரல்மாற்றிதான் எங்களைச் சிரிக்கவைத்தது. ஒரு மாணவர் ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்துவந்திருந்தார். அதன்படி கிரேஸ் ஹாப்பர் 'முதல் தொகுப்பாளரை உருவாக்கினார்'. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவரை அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது என்று வகுப்பே கூத்தாடியது. 'ரியர் அட்மிரல்' என்ற அவருடைய கடற்படைப் பதவியோ 'பின்புற அட்மிரல்' ஆகியிருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பை நான் தடை செய்யவில்லை. தடை செய்தால் மறைத்துப் பயன்படுத்துவார்கள். அதற்கு மாறாக ஒரு நிபந்தனை வைத்தேன். ஆங்கிலத்தைப் படித்துவிட்டு மூடிவைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். வாயில் 'பின்புற அட்மிரல்' வராது. ஒலிபெயர்ப்பில் மட்டும் சண்டை ஓயவில்லை. 'ஹாப்பர்' என்று கிரந்த எழுத்தோடு எழுதுவதா, 'ஆப்பர்' என்று எழுதுவதா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் எங்களுக்கு முன்பே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை; ஏற்கெனவே இருக்கும் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, மற்ற எழுத்துக்கூட்டல்களுக்கு வழிமாற்றுப் பக்கம் அமைத்தோம்.

மதிப்பெண்ணைக் கட்டுரை நிலைத்ததா நீங்கியதா என்பதோடு கட்டாதீர்கள். வரைவு எழுதிப் பழகும் பக்கமான மணல்தொட்டியில் நடந்த தொகுப்பு வரலாற்றைப் பார்த்துப் போடுங்கள். புதுக் கட்டுரையைவிட ஏற்கெனவே இருக்கும் குறுங்கட்டுரையை வளர்ப்பதே முதல் பயிற்சிக்கு ஏற்றது. நாளிதழ்ப் படங்களைப் பதிவேற்றக் கூடாது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

இனி அத்தையைப் பற்றி. ஏழாவது வாரத்தில், கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஒரு மாணவி தன் அத்தையைப் பற்றி எழுதலாமா என்று கேட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த அத்தை, 1978இல் 18 வயதில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுக் கிலாங்கில் (தொழிற்சாலையில்) சேர்ந்திருக்கிறார். 1985இல் பாலம் திறக்கும் வரை ஃபெர்ரி பிடித்து, இறங்கி, கிலாங் பேருந்தில் ஏறி வேலைக்குப் போனார். 31 ஆண்டு நுண்ணோக்கிக்குள் பார்த்தபடி, மின்னணுச் சில்லையும் (சிப்) அதைத் தாங்கும் உலோகச் சட்டத்தையும் தங்கக் கம்பியால் இணைத்தார்.

எழுத முடியாது என்றேன். உறவினரைப் பற்றி எழுதுவது முறையன்று, சான்றும் இல்லை. அந்தப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஹெடி லமாருக்குக் காப்புரிமை இருக்கு மிஸ். அத்தைக்கிட்ட இருக்கறது சேமநிதிக் கணக்கும், இருபத்தஞ்சு வருஷத்துக்குக் குடுத்த கைக்கடிகாரமும்தான்."

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனவே தேடினோம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி மின்காப்பகத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் இலவசமாகக் கிடைக்கின்றன; இரு நாடுகளும் பிரிவதற்கு முந்தைய மலாயாச் செய்திகளுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. பழைய இதழ்களில் பெண்ணைத் தேடும்போது கணவர் பெயரைக் கொண்டு தேடுங்கள். 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் அவர் பெயர்தான் இருக்கும். பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் 1972இல் தொடங்கியதும், தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்த பினாங்கை முதலமைச்சர் லிம் சோங் யூ அதன்வழி மீட்க முயன்றதும், இன்டெல் அதே ஆண்டு இங்கு வந்ததும் எளிதாகக் கிடைத்தன. தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியும் நிறையவே இருந்தது. பெரும்பாலும் அவர்களுடைய உடை, ஒழுக்கம், ஊர்சுற்றல் பற்றிய கவலைகள். 'மினா காரான்' ('கரண்ட் மினா') என்று அவர்களை ஏளனமாக அழைத்ததும் அதில் அடக்கம். ஆய்வாளர்கள் எழுதியவற்றில் கம்போங்கிலிருந்து (கிராமத்திலிருந்து) வந்த மலாய்ப் பெண்களே நிறைந்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி நாங்கள் கண்டது சில வரிகள். அந்த வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்று கேட்ட ஒரு செய்தியும் எங்கள் கையில் அகப்படவில்லை.

கிடைத்ததைக் கொண்டு பாயான் லெப்பாஸ் பற்றிய கட்டுரையில் பெண் தொழிலாளர்கள் குறித்து இரண்டு பத்திகள் சேர்த்தோம். அத்தை அவற்றில் இல்லை. அவரைப் பற்றி வேறொரு மாணவி நேர்காணல் எடுத்து நாளிதழுக்கு எழுதுவது என்றும், அந்த மாணவியின் பெரியம்மாவைப் பற்றி இவர் எழுதுவது என்றும் மாற்றிக்கொண்டார்கள். களஞ்சியம் தானாகச் சான்றை உண்டாக்க முடியாது. சான்றை உண்டாக்க வேண்டியது அதற்கு வெளியே.

நேர்காணலுக்கு நானும் போயிருந்தேன். கம்பி எவ்வளவு மெல்லியது என்று மாணவி கேட்டதும், அத்தை தம் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, தேநீர்க் கோப்பையில் விரலை நனைத்து, கட்டைவிரல் நகத்தின்மேல் அந்த முடியை ஒட்டிக் காட்டினார். "இதுல மூணுல ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் பட்டா மினுங்கறதை வெச்சுக் கண்டுபிடிக்கணும். மூச்சு வேகமா விட்டா ஆடிடும்." பிறகு பார்த்தேன்: அந்தக் கம்பியின் வழக்கமான விட்டம் 25 மைக்ரான், தலைமுடி ஏறத்தாழ 70. அத்தையின் கணக்கு சரி.

முதலில் அனுப்பிய ஞாயிறு பதிப்பிலிருந்து மூன்று மாதம் பதில் இல்லை. இரண்டாவது நாளிதழ் அரைப்பக்கத்தில் படத்தோடு வெளியிட்டது. தலைப்பு: 'சாதனைப் பெண்மணி'. நாங்கள் ஒரு பருவம் முழுக்க விரட்டியடித்த அதே பொன்னாடை. தங்கக் கம்பியால் சில்லை இணைத்தவர் என்று எழுதி அனுப்பியது, 'தங்க நகை வேலைப்பாட்டில் கைதேர்ந்தவர்' என்று மாறி வந்திருந்தது. அத்தை அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுவிட்டார். நகை என்று இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மாணவிகள் இருவரும் ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து நான்காம் பக்க மூலையில் மூன்று வரித் திருத்தம் வெளிவந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்த, அத்தையின் அண்ணன் மகளான அந்த மாணவி, முந்தைய செய்தியோடு சேர்த்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு ஆச்சு மிஸ்."